கெட்டுப்போன சோப்பு பேட்ச்: குப்பையில் கொட்டும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



வீட்டிலிருந்தே செய்யும் தொழில்கள் வரிசையில் நம்ம சேனல்ல சோப்பு பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். முதலீடு எவ்வளவு, ஒரு சோப்புக்கு கையில எவ்வளவு நிக்கும்னு சொன்னேன். பேட்ச் கெட்டுப்போனா என்ன ஆகும்னு மட்டும் சொல்லல. அந்தக் கணக்கு எனக்கே அப்ப தெரியாது.

என் தங்கச்சி திருவண்ணாமலையில இருக்கா, செங்கம் ரோடு பக்கம். பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்றவங்க, ஆசிரமங்கள்ல மாசக்கணக்குல தங்குற வெளிநாட்டுக்காரங்க, இவங்களுக்கெல்லாம் கையால செஞ்ச சோப்பு மேல ஒரு ஈர்ப்பு உண்டு. தீபத்துக்கு வித்துடலாம்னு சீட்டு எடுத்த பணத்துல பத்து பேட்ச் போட்டா. ரெண்டு சரியா வரல. "விடுண்ணா, எட்டு நல்லா வந்திருக்குல்ல"ன்னா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பேப்பர்ல போட்டுப் பார்த்ததும்தான் வயித்தைக் கலக்குச்சு.

ரெண்டு பேட்ச் போனா எவ்வளவு போகும்?

அவ பேட்ச் ஒரு கிலோ எண்ணெய்க்கு: தேங்காய் எண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். எண்ணெய், காஸ்டிக் சோடா, வாசனை எல்லாம் சேர்த்து ஒரு பேட்ச்சுக்கு 465 ரூபாய்னு வைங்க. (உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. 2025ல் தேங்காய் எண்ணெய் எகிறினதுக்கு அப்புறம் பழைய வீடியோக்கள்ல சொல்ற விலை எதுவும் உதவாது.) ஒரு பேட்ச்ல 13 சோப்பு. ஒரு சோப்புக்கு சுமார் 36 ரூபாய், உறைக்கும் லேபிளுக்கும் 4 ரூபாய், ஆக 40. கடையில 80 ரூபாய்க்கு வைக்கறாங்க, கடைக்காரருக்கு 35 சதவீதம் போக நம்ம கைக்கு 52. லாபம் 12 ரூபாய்.

இப்போ பத்துல ரெண்டு பேட்ச் போயிடுச்சு. செலவு அதே 4,650. விக்கிறதுக்கு இருக்கறது 130 இல்ல, 104 சோப்புதான். ஒரு சோப்புக்கு 44.70, உறையோட சேர்த்து கிட்டத்தட்ட 49. லாபம் 3 ரூபாய்.

கெட்டது அஞ்சுல ஒரு பங்கு. லாபத்துல முக்கால் பங்கு காணோம். இதுல அவளோட உழைப்புக்கு இன்னும் ஒரு பைசா கூட போடல.

அதனாலதான் கெட்ட பேட்ச்சை ஆராய்ஞ்சு பார்க்கறது பணம் சம்பாதிக்கற வேலைன்னு சொல்றேன். கொட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதுல காரம் மிச்சமா, எண்ணெய் மிச்சமா, இல்ல பார்க்க மட்டும்தான் அசிங்கமா? முதல் வகை ஆபத்து, ஆனா பெரும்பாலும் காப்பாத்தலாம். ரெண்டாவது காத்திருந்தா பல நேரம் தேறும். மூணாவது கெடவே இல்லை.

காரம் மிச்சமானது: லிட்டரும் கிலோவும் ஒண்ணு இல்லை

தங்கச்சியோட முதல் கெட்ட பேட்ச் இதுதான். சோப்பு வெட்டும்போது சாக்பீஸ் மாதிரி உதிர்ந்துச்சு, அங்கங்க வெள்ளைத் திட்டு. கையில பட்டதும் எரிச்சல். "காஸ்டிக்கை கரெக்டா எடை போட்டுத்தான் போட்டேன்"னு சத்தியம் பண்றா. உண்மைதான், அதை எடை போட்டிருக்கா. எண்ணெயை மட்டும் அளவு ஜாடியில ஊத்தியிருக்கா!

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. எண்ணெய் தண்ணியை விட லேசு. கடலை எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, 1 லிட்டர், 910 கிராம்னு போட்டிருக்கும். அப்போ 600 மில்லி தேங்காய் எண்ணெய்ங்கறது சுமார் 552 கிராம்தான். 300 மில்லி கடலை எண்ணெய் 273. 100 மில்லி விளக்கெண்ணெய் 96. ஒரு கிலோன்னு நினைச்சு ஊத்தினது மொத்தம் 921 கிராம்.

ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக மாற இவ்வளவு காஸ்டிக் சோடா வேணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம், கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. அவ செய்முறைப்படி பெருக்கினா 109.8, 40.8, 12.8. மொத்தம் 163.4 கிராம். தோலுக்கு மெதுவா இருக்கணும்னு 5 சதவீதம் குறைச்சுப் போடுவோம், அதைத்தான் சூப்பர்ஃபேட்னு சொல்றாங்க. அப்படிப் பார்த்தா 155 கிராம். இது சரியான அளவு, எண்ணெய் ஒரு கிலோ இருந்தா!

921 கிராம் எண்ணெய்க்கு, கொஞ்சம் கூட மிச்சம் வைக்காம போட்டாலே 150 கிராம்தான் செலவாகும். பாக்கி 5 கிராம் காஸ்டிக் சோடா எங்க போகும்? சோப்புக்குள்ளயே உட்கார்ந்திருக்கும். நாம விட்ட 5 சதவீத இடைவெளியை 8 சதவீத அளவுப் பிழை முழுங்கிடுச்சு.

எப்படி உறுதி பண்றது? ரெண்டு நாள் கழிச்சு, ஈர விரலை சோப்புல தேய்ச்சு, விரலை மட்டும் நாக்கு நுனியில லேசா வைங்க. நல்ல சோப்புன்னா சோப்பு ருசி. காரம் மிச்சம்னா டார்ச் பேட்டரியை நாக்குல வெச்ச மாதிரி சுரீர்னு இருக்கும். உடனே வாயைக் கொப்பளிச்சுடுங்க. வெட்டும்போதே கையில எரிஞ்சா இந்தச் சோதனை தேவையே இல்லை, விட்டுடுங்க. உதிர்றதை மட்டும் வெச்சும் முடிவு பண்ணாதீங்க. தேங்காய் எண்ணெய் அதிகமா இருக்கற சோப்பை லேட்டா வெட்டினாலும் உதிரும், அதுல காரம் இருக்காது.

காரணம் தெரிஞ்சா மருந்தும் தெரியும். குறைஞ்சது 79 கிராம் எண்ணெய், அதை திரும்பச் சேர்த்தா போதும். கையுறை போட்டுக்கிட்டு சோப்பைத் துருவி, எவர்சில்வர் பாத்திரத்துல போட்டு, கொதிக்கற தண்ணி மேல வைங்க. 80 கிராம் எண்ணெய், நாலு ஸ்பூன் தண்ணி. ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் அப்பப்போ கிளறினா அல்வா மாதிரி பதம் வரும். அச்சுல அழுத்தி வெச்சு, திரும்ப நாக்கு சோதனை. வழவழன்னு வராது, கரடுமுரடாத்தான் இருக்கும். தங்கச்சி அதை "நாட்டு சோப்பு"ன்னு 60 ரூபாய்க்கு வித்தா. 465 ரூபாய் பேட்ச்சை காப்பாத்த ஆன செலவு எண்ணெய்க்கு முப்பது ரூபாய், கொஞ்சம் கேஸ்.

ஆனா எங்க தப்பாச்சுன்னே தெரியலைன்னா குத்துமதிப்பா எண்ணெய் ஊத்தி விக்காதீங்க. அடுத்தவங்க தோல் அது.

எடை மெஷின் மேலயும் ஒரு கண்ணு வைங்க. பேட்டரி இறங்கினா எண் தடுமாறும். பிரிக்காத ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை வெச்சுப் பார்த்துட்டு வேலையை ஆரம்பிக்கறது அஞ்சு செகண்ட் வேலை.

எண்ணெய் மிச்சமானது

சோப்பு இறுகவே மாட்டேங்குது, தொட்டா பிசுபிசுன்னு இருக்கு. இதுக்கு நான் முதல்ல சந்தேகப்படறது காஸ்டிக் சோடா டப்பாவை. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில மூடி சரியா மூடாம வெச்சிருந்தா, நீங்க போட்ட 155 கிராம்ல ஒரு பகுதி வெறும் தண்ணி. செதில் செதிலா இருந்தது கட்டியாகி கசிஞ்சிருந்தா அதை சோப்புக்கு எடுக்காதீங்க. கடையில கேக்கும்போது "சோடா"ன்னு மட்டும் கேட்டு சலவை சோடாவை வாங்கிட்டு வந்தவங்களும் உண்டு. அதை எவ்வளவு நேரம் கலக்கினாலும் எண்ணெய் சோப்பாகாது.

ரெண்டாவது சந்தேகம் கடலை எண்ணெய். திருவண்ணாமலை மாவட்டம் கடலை விளையற பூமி, மரச்செக்கு எண்ணெய் நல்லா கிடைக்கும், அதனால அதையே பாதிக்கு மேல ஊத்திடறாங்க. கடலை எண்ணெய் சோப்பு மெத்துன்னு இருக்கும், நுரையும் குறைவு. கால் பங்கு, மிஞ்சிப்போனா 30 சதவீதம் போதும். மெத்துன்னு இருக்கற பேட்ச்சை கொட்டாதீங்க, ஆறு வாரம் காத்தாட வைங்க. பாதிக்குப் பாதி தேறிடும்.

சிலது கலக்கும்போது கெட்டியான மாதிரி தெரியும், அச்சுல ஊத்தினதும் மேல எண்ணெய் மிதக்கும். மார்கழி காலையில தேங்காய் எண்ணெய் உறைஞ்சிருக்கும் பாருங்க, அந்தக் குளிர்ல கலவை கெட்டியானதை சோப்பு பதம்னு நினைச்சுட்டீங்க. திரும்ப பாத்திரத்துல போட்டு லேசா சூடு காட்டி ஹேண்ட் பிளெண்டர்ல அடிங்க, சேர்ந்துடும்.

கெடவே கெடாதது

தங்கச்சியோட ரெண்டாவது பேட்ச்சை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் ஆறல. கஸ்தூரி மஞ்சள் போட்டிருக்கா. காஸ்டிக் தண்ணி ஊத்தினதும் கலவை செக்கச்செவேல்னு மாறிடுச்சு. ஏதோ விஷமாயிடுச்சுன்னு பயந்து அப்படியே கொட்டிட்டா.

நம்ம வீட்டுல ஆரத்தி எப்படிக் கரைக்கறோம்? மஞ்சள் தண்ணியில துளி சுண்ணாம்பு, உடனே சிவப்பு. அதே வேலைதான் இங்கயும் நடந்திருக்கு. மஞ்சள் காரத்தைப் பார்த்தா சிவக்கும். சோப்பு காயக் காய நிறம் இறங்கி ஆரஞ்சு, மஞ்சள்னு வந்திருக்கும். நல்ல பேட்ச், 465 ரூபாய், சாக்கடையில போச்சு. "கல்யாணத்துக்கு ஆரத்தி எடுத்தவதானே நீ?"ன்னு கேட்டேன். ரெண்டு நாள் பேசல.

சோப்பு மேல வெள்ளையா மாவு மாதிரி படியறதும் இப்படித்தான். காத்துல இருக்கற கரியமில வாயு மேல்பரப்புல காஸ்டிக்கோட சேர்ந்து உண்டாகற சோடா ஆஷ் அது. ஈரத்துணியால துடைச்சா போயிடும். சில வாசனை எண்ணெய், முக்கியமா கிராம்பு, பட்டை, ஆல்கஹால் கலந்த சென்ட், ஊத்தினதும் கலவை கல்லு மாதிரி இறுகிடும். அச்சுல அழுத்தி வைங்க. வடிவம் சரியா இருக்காது, சோப்பு சோப்புதான். பாலோ தேனோ வெல்லமோ போட்டது சித்திரை வெயில்ல பொங்கி வழியும். பாலை ஐஸ்கட்டியாக்கிப் போடுங்க, அச்சை போர்வையால மூடாதீங்க.

விக்கிறதுக்கு முன்னாடி வர்ற ஆரஞ்சுப் புள்ளி

இது மட்டும் தாமதமா வர்ற தலைவலி. ரெண்டு மாசம் கழிச்சு ஆரஞ்சுப் புள்ளியும் பழைய எண்ணெய் வாடையும் வரும். எண்ணெய் சிக்கு பிடிச்சிருக்கு. தோலுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா யாரும் வாங்க மாட்டாங்க. பழைய எண்ணெய், கடலை, சூரியகாந்தி மாதிரி எண்ணெய் அதிகம் போடறது, சூப்பர்ஃபேட்டை பத்து பதினஞ்சுன்னு ஏத்தறது, துருப்பிடிச்ச இரும்பு ரேக்குல காய வைக்கறது, எல்லாம் காரணம். உப்பு ஏறின போர் தண்ணியும் ஒண்ணு. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி லிட்டர் சில ரூபாய்தான், அதையே வாங்கிக்கோங்க. காஸ்டிக்கைத்தான் தண்ணியில போடணும், தண்ணியை காஸ்டிக் மேல ஊத்தக் கூடாது, தெறிக்கும். அலுமினிய குண்டான் பக்கமே போகாதீங்க. காஸ்டிக் அதைத் தின்னு, தீப்பிடிக்கற வாயுவை விடும்.

தீபத்துக்கு விக்கணும்னா

சோப்பு காய நாலுலேர்ந்து ஆறு வாரம். தீபம் நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் பாதின்னு வரும். அதுக்கு முன்னாடி இருக்கறது வடகிழக்குப் பருவமழை, காத்துல ஈரம், சோப்பு மெதுவாத்தான் காயும். செப்டம்பர் முடியறதுக்குள்ள கடைசி பேட்ச்சை போட்டுடுங்க. அப்போதான் ஒண்ணு கெட்டாலும் சரிபண்ண நாள் இருக்கும்.

விக்கிறதுக்கு உரிமம் வேணும்னு பலருக்குத் தெரியாது. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்குல வரும். 2020 அழகுசாதன விதிகள்படி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைகிட்ட உற்பத்தி உரிமம் வாங்கணும்.  ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு நம்பர் போட்டு இப்பவே ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சுடுங்க: தேதி, ஒவ்வொரு எண்ணெயும் எத்தனை கிராம், காஸ்டிக் எப்ப வாங்கினது, அன்னைக்கு மழையா வெயிலா.

தங்கச்சி இந்த வருஷம் 500 கிராம் எண்ணெய்க்குத்தான் சோதனை பேட்ச் போடறா. காஸ்டிக் 77.5 கிராம், தண்ணி 155 கிராம். புது எண்ணெய், புது வாசனை எதுவா இருந்தாலும் முதல்ல இந்த அளவுதான். கெட்டாலும் நஷ்டம் 235 ரூபாயைத் தாண்டாது. விலை போடும்போது பத்துக்கு ஒரு பேட்ச் போயிடும்னு வெச்சே கணக்கு போட்டிருக்கா: 4,650ஐ 117ஆல வகுத்தா ஒரு சோப்பு 39.75, உறையோட 43.75. கடைக்காரர்கிட்ட இப்போ 85 ரூபாய் விலை பேசிக்கிட்டு இருக்கா.

அளவு ஜாடியை சமையலறைக்கே திருப்பிக் கொடுத்துட்டா.