பழைய உழவு இயந்திரத்துக்கு ஏற்ற முன்விளக்கும் மின்குமிழும்

பெரும்போக அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரத்துக்கு இரவும் பகலும் ஒன்றே. பகலிற் சூடடித்த நெல்லை மூடைகளிற் கட்டிப் பெட்டியில் ஏற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். வயற்பாதை தாண்டிப் பெருந்தெருவில் ஏறியதும், ஓரத்தில் உலரவிட்ட நெல், விளக்கில்லாத துவிச்சக்கரவண்டி, தெருவிற் படுத்துக் கிடக்கும் மாடு ஆகிய யாவும் ஒளி பட்ட பின்னரே சாரதிக்குத் தெரிய வரும். விடியுமுன் சந்தையை அடைய வேண்டிய காய்கறிச் செய்கையாளரின் நிலையும் இதுவே.

மாசி பெர்குசன் 35, 135 போன்ற பழைய இயந்திரங்களின் எஞ்சினைப் பேணுவதிற் கமக்காரர் காட்டும் அக்கறை முன்விளக்கின்மீது செல்வது குறைவு. ஒளி மங்கியபின் கடைக்குச் சென்று, கூடிய உவாற்றுள்ள குமிழ் ஒன்றை வாங்கிப் பூட்டுவதே பலரின் வழக்கம். ஆயினும், முதலில் அறிய வேண்டியது இருக்கும் ஒளி எங்கே இழக்கப்படுகின்றது என்பதாகும்.

விளக்கை எரியவிட்டுப் பற்றரியின் முனைகளிலும், பின்னர் குமிழின் தொடுப்பிலும் வோல்ற்றை அளந்து பார்த்தல் வேண்டும். வோல்ற்று 10 வீதம் குறைந்தால் இழைக்குமிழின் ஒளி ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடும். 12 வோல்ற்றில் 1.2 வோல்ற்று வழியில் மறைவது பழைய வாகனங்களிற் புதுமையன்று. சேறும் பசளைத் தூளும் பட்டுத் தொடுப்புகளிற் கறள் பிடிக்கின்றது. விளக்குச் சட்டம் பூட்டப்பட்ட இடத்திற் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால் மின் திரும்பிச் செல்லும் வழியும் தடைப்படுகின்றது. அவ்விடத்தைப் பளிச்சென்ற இரும்பு தெரியுமட்டும் சுரண்டி, விளக்கின் உடலிலிருந்து தனி வயர் ஒன்றை எஞ்சின் உடலுக்கு இழுத்துப் பூட்டினால், புதிய குமிழ் வாங்காமலே வெளிச்சம் மீளக் கூடும். சில அடி வயருக்கு ஆகும் செலவே இதற்கு ஆகும்.

உட்கிண்ணத்தின் பளபளப்பு மங்கிக் கறுத்திருந்தால் எக்குமிழும் பயன் தராது. விளக்கு முழுவதையும் மாற்றுவதே முறை.

குமிழ் வாங்கச் செல்பவர் பழைய குமிழைக் கையோடு கொண்டு செல்லுதல் நன்று. உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் 12 வோல்ற்று. லொறிகளுட் பல 24 வோல்ற்று. 12 வோல்ற்றுக் குமிழை 24இற் பூட்டினால் உடனே எரிந்துபோகும். மாறிப் பூட்டினாற் செந்நிறமாக மினுங்கும். அடிப்பாகமும் ஒத்திருத்தல் வேண்டும். பழைய 45/40 உவாற்றுக் குமிழ்களுட் பலவற்றின் அடி பி-45-ரி எனப்படும். ஹலோஜன் எச்-4 குமிழின் அடி பி-43-ரி ஆகும். ஒன்றின் இடத்தில் மற்றதை அராவியும் வளைத்தும் புகுத்துவோர் உளர். இழை ஒரு சிறிது விலகினும் ஒளிக்கற்றை சிதறிப் போகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

உவாற்றைக் கூட்டுமுன் கணக்கொன்று பார்த்தல் வேண்டும். 45 உவாற்றுக் குமிழ்கள் இரண்டு 12 வோல்ற்றில் 7.5 அம்பியர் இழுக்கும். 60 உவாற்றுக் குமிழ்கள் இரண்டு 10 அம்பியர் இழுக்கும். அல்டர்னேற்றர் பூட்டப்படாது பழைய டைனமோவே இருக்குமாயின், மெதுவாக ஓடும்போது அது இத்துணை மின்னைத் தராது, பற்றரியே இறங்கும். 100 உவாற்றுக் குமிழோ பழைய ஆளியையும் வயரின் உறையையும் சூடாக்கி உருக்கவல்லது. வைக்கோல் ஏற்றிய பெட்டியை இழுக்கும் இயந்திரத்தில் இது சிறிய ஆபத்தன்று. 60 உவாற்றுக்கு மாறுபவர் தடித்த வயரும், ரிலேயும், உருகியும் சேர்த்துப் பூட்டுவித்தல் அவசியம்.

எல்.ஈ.டி. குமிழ் குறைந்த மின்னை எடுப்பது உண்மையே. எனினும் இழைக்குமிழுக்கென அமைந்த கிண்ணத்தில் அதனைப் பூட்டினால், ஒளி வேண்டிய இடத்தில் விழாது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடும். மேலும் பழைய பிரித்தானிய இயந்திரங்கள் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே உடலுடன் தொடுக்கப்பட்டிருந்தது. இழைக்குமிழுக்கு இதனால் வேறுபாடில்லை, எல்.ஈ.டி. குமிழ்கள் பல இவ்வமைப்பில் எரியா.

முழு விளக்கை வாங்குவோர் பலர் அவதானியாத குறிப்பொன்று கண்ணாடியில் உண்டு. ஐரோப்பிய முறைப்படி செய்த விளக்குகளில் வட்டத்துள் 'ஈ' எனும் ஆங்கில எழுத்து இருக்கும். அதனருகே, விளக்கை எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருந்தால், அது இலங்கையைப் போல் இடப்பக்கம் செல்லும் நாடுகளுக்குரியது. இருதலை அம்பு இருவகை நாடுகளுக்கும் மாற்றியமைக்கத்தக்கது. அம்பே இல்லாதது வலப்பக்கம் செல்லும் நாட்டுக்குரியது; அதன் தாழ்ந்த ஒளி எதிரே வரும் சாரதியின் கண்ணை நோக்கி உயரும். கண் கூசிய லொறிச் சாரதிக்கு நெற்பெட்டி தெரியாது. விலை மலிவெனினும் அவ்விளக்கை வாங்கலாகாது.

பூட்டியபின் வெறும் இயந்திரத்தை நிறுத்தி ஒளியைச் சரிபார்த்தல் போதாது. பெட்டியின் பாரம் கொழுவியை அழுத்துவதால் முன்பக்கம் சற்று உயரும். ஆதலின் வழக்கமான பாரத்துடன், சமதரையிற் சுவருக்கு 25 அடி முன்னே நிறுத்தி, விளக்கின் நடுவுயரத்தைச் சுவரிற் குறித்து, தாழ்ந்த ஒளியின் மேல் விளிம்பு அக்குறிக்கு 3 அங்குலம் கீழே விழுமாறு திருகாணிகளைச் சரிசெய்தல் வேண்டும்.

ஹலோஜன் குமிழின் கண்ணாடியை விரலாற் தொடுதல் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் மிகச் சூடேறி, குமிழின் ஆயுள் குறையும். தற்செயலாகத் தொட்டுவிட்டால் மதுசாரம் தோய்த்த சுத்தமான துணியால் துடைத்து, உலர்ந்த பின்னரே எரியவிடுதல் வேண்டும். மேலதிகக் குமிழ் ஒன்றை அதன் பெட்டியுடனே துணியிற் சுற்றி, ஆயுதப் பெட்டியிற் குறடுகளோடு உரசாதவாறு வைத்துக்கொள்ளலாம்.