சவுக்கு விறகு: உலர்த்தி விற்றால் கூடுதல் வருவாய்

1856-ல் இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. அந்நாளைய எஞ்சின்களுக்கு விறகும் எரிபொருளாயிற்று. பின்னர் இரயிலுக்கும் நகரத்து அடுப்புகளுக்கும் வேண்டிய விறகுக்காகச் சென்னையை அடுத்த கடலோர மணலில் சவுக்கு பயிராயிற்று. எண்ணூரில் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி எரிந்தால் தீர்ந்தது. சவுக்கோ, வெட்டியபின் புதுக் கன்று நட்டால் மீண்டும் வளரும்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களுக்கு இது ஏற்ற மரம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்துக்கு அளிக்கின்றன. முதலாண்டில் நிலக்கடலையை ஊடுபயிராக இடலாம். 4 அல்லது 5 ஆண்டுகளில் வெட்டலாம்.

தோப்பைப் பச்சையாகவே விலைபேசி விடும்போது விவசாயிக்கு வரவேண்டிய லாபம் கைமாறிப் போகிறது. பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அதை ஆவியாக்கவே அடுப்பின் சூடு செலவாகிறது, புகையும் மிகும். உலர்ந்த விறகு நன்கு எரிவதால் அதற்குத் தனி விலை கேட்கலாம்.

ஆனால் கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். பாதி நீருள்ள 1 டன் பச்சை விறகு, 20 விழுக்காடு ஈரத்துக்கு உலர்ந்தால் 625 கிலோதான் நிற்கும். ஆகவே கிலோவுக்குப் பச்சை விலையைப் போல் 1.6 மடங்குக்கு மேல் கிடைத்தால்தான் ஆதாயம்.

பத்து விவசாயிகள் கூடி, காற்றோட்டமான ஒரே கொட்டகையில் விறகைப் பிளந்து அடுக்கி உலர்த்தலாம். திருவொற்றியூர் வட்டார உணவு விடுதிகள், திருமண மண்டபங்களில் முன்கூட்டியே விலை பேசிக் கொள்வது நலம். வெட்டவும் பிளக்கவும் ஏற்றவும் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலையும் கிட்டும்.