வளைவுகளில் இருக்கிறது வெற்றி

நேரான சாலையில் காரை வேகமாகச் செலுத்துவது பெரிய வித்தை அன்று. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும். மற்றதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். பந்தயக்காரரின் திறமை தெரிவது வளைவுகளில்தான். எங்கே பிரேக்கை அழுத்துவது? எங்கே திருப்புவது? எங்கே மீண்டும் வேகமெடுப்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு வளைவிலும் அவர் விடை கண்டாக வேண்டும்.

இத்தாலியில் மிலான் நகருக்கு வடக்கே, மோன்ஸா என்னும் ஊரின் பூங்காவில் 1922ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பந்தயப் பாதை ஒன்று உள்ளது. இன்றைய பாதையின் நீளம் 5.793 கிலோமீட்டர். 2025ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் இதை 78.792 வினாடிகளில் சுற்றி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 264 கிலோமீட்டருக்கும் மேல்! அந்தப் பாதையை நாமும் ஒரு முறை சுற்றி வருவோம். ஓட்டுநர் நீங்கள்தான்.

டயரின் வரவு செலவு

புறப்படுமுன் ஒரு கணக்கு. காரைத் தரையோடு பிணைத்திருப்பது நான்கு டயர்களின் உராய்வு மட்டுமே. வேகத்தைக் குறைப்பது, கூட்டுவது, திருப்புவது ஆகிய மூன்று வேலைகளுக்கும் வேண்டிய விசை அங்கிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையை மீறினால் டயர் வழுக்கிவிடும்.

வளைவில் திரும்பும் காருக்கு மையநோக்கு விசை தேவை என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வேகம் இரு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காக வேண்டும். வளைவின் ஆரம் இரு மடங்கானால் விசை பாதியாக இருந்தால் போதும். ஆகவேதான் ஓட்டுநர் பாதையின் வெளி ஓரத்திலிருந்து திரும்பத் தொடங்கி, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்தில் முடிக்கிறார். பாதையின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி, வளைவின் ஆரத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்.

பிரேக்கும் திருப்பமும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் என்ன ஆகும்? இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. எனவே பிதகோரஸ் தேற்றம் உதவிக்கு வருகிறது. டயரின் மொத்த சக்தி 100 என்றால், பிரேக்குக்கு 60 செலவழித்தபின் திருப்புவதற்கு 80 மிஞ்சும். பிரேக்குக்கே 100ம் செலவழித்தால்? ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரேதான் போகும்.

முதல் சோதனை: ரெத்திஃபீலோ

இதோ, நீண்ட நேர்ப் பாதையின் முடிவில் மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். எதிரே வலப்புறமும் உடனே இடப்புறமும் திரும்பும் நெருக்கமான இரட்டை வளைவு. அதில் நுழைய வேகம் 80க்கு இறங்க வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே காரின் ஆற்றலில் பத்தொன்பதில் ஒரு பங்கே மிஞ்சும். பிற பங்குகளை இரண்டு மூன்று வினாடிகளுக்குள் களைந்தாக வேண்டும். பிரேக் தட்டுகள் பழுக்கக் காய்ந்து சிவக்கின்றன.

எப்படி அழுத்துவது? எடுத்த எடுப்பிலேயே முழு பலத்துடன்! காரின் இறக்கைகள் காற்றின் துணையால் காரைத் தரையோடு அழுத்துகின்றன. வேகம் மிகுந்திருக்கும்போது அந்த அழுத்தமும் மிகுதி. டயரின் பிடிப்பும் மிகுதி. வேகம் குறையக் குறையப் பிடிப்பும் குறைவதால் காலைச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். இல்லையேல் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்.

லெஸ்மோ வளைவுகள்

அடுத்து வரும் கூர்வா கிராந்தே அகன்ற வலப்புற வளைவு. ஆரம் பெரிது என்பதால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டியதில்லை. பின்னர் ரோஜ்ஜா என்னும் மற்றோர் இரட்டை வளைவைக் கடந்தால் லெஸ்மோ வந்துவிடும். இங்கே இரண்டு வலப்புற வளைவுகள் அடுத்தடுத்து உள்ளன. முதல் வளைவில் ஆசைப்பட்டு அதிக வேகத்தில் பாய்ந்தால், இரண்டாவதற்கு வேண்டிய இடத்தில் கார் இராது. இரண்டாவதை விட்டு வெளியேறும் வேகமே, அதன்பின் வரும் நீண்ட நேர்ப் பாதை முழுவதும் உங்களுடன் வரும் முதலீடு.

அஸ்காரி

1955ஆம் ஆண்டு கட்டப்பட்ட சாய்தள வட்டப் பாதையின் பாலத்தடியில் புகுந்து சென்றால் அஸ்காரி வளைவுகள். அந்த ஆண்டு இங்கே ஓட்டிப் பார்த்தபோது உயிரிழந்த உலகச் சாம்பியன் ஆல்பர்ட்டோ அஸ்காரியின் நினைவாக இப்பெயர் நிலைத்தது. இடம், வலம், இடம் என மூன்று திருப்பங்கள். ஒவ்வொரு முறையும் காரின் எடை ஒரு பக்கத்து டயர்களிலிருந்து மறு பக்கத்துக்கு மாறுகிறது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் எடை ஊசலாடி, பிடிப்பு தவறும். இங்கே நிதானமான கையே வேகமான கை.

பரபோலிகா

கடைசி வளைவு பரபோலிகா. 2021ஆம் ஆண்டு மிக்கேலே அல்போரெத்தோ என்ற இத்தாலிய வீரரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. பழைய பெயரின் பொருள் பரவளையம் என்பதே. தொடக்கத்தில் வளைவு இறுக்கம். போகப் போக அது விரிகிறது. எனவே திருப்பும் வேலையைத் தொடக்கத்திலேயே பெரும்பாலும் முடித்துவிடுங்கள். பிறகு ஸ்டியரிங்கை மெல்ல நேராக்கிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதியுங்கள். திருப்பத்தில் மிச்சமாகும் பிடிப்பு வேகத்துக்குச் செலவாகட்டும். முன்னால் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நேர்ப் பாதை காத்திருக்கிறது. இங்கே பத்தில் ஒரு வினாடி தாமதித்தால், 300 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது எதிராளிக்கு எட்டு மீட்டர் பின்தங்கியிருப்பீர்கள்!

வளைவுகள் காத்த உயிர்கள்

இரட்டை வளைவுகள் தொடக்கம் முதலே இருந்தவை அல்ல. 1961இல் பரபோலிகாவை நெருங்கும் இடத்தில் வொல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸும் பார்வையாளர் பலரும் மாண்டனர். 1970இல் அதே பகுதியில் யோஹன் ரிண்ட் உயிரிழந்தார். 1971 பந்தயத்தின் சராசரி வேகம் 242 கிலோமீட்டரைத் தாண்டியது. மறு ஆண்டே, வேகத்தைக் குறைப்பதற்கென்று இரட்டை வளைவுகள் அமைக்கப்பட்டன. 1976இல் ரோஜ்ஜாவும் சேர்ந்தது.

நம்முடைய பேருந்துக்கும் ஸ்கூட்டருக்கும் இறக்கை இல்லை. சாலையின் எதிர்ப்பக்கம் நமக்கு உரியதும் அன்று. ஆகவே, பந்தயக்காரரைப் போல ஓரம் விட்டு ஓரம் பாய நமக்கு வழியில்லை. ஆனால் வர்க்க விதி எல்லோருக்கும் ஒன்றே. மலைப்பாதை வளைவில் 30 கிலோமீட்டருக்குப் பதிலாக 40இல் சென்றால், டயரிடம் கேட்கும் விசை ஏறக்குறைய 78 விழுக்காடு கூடுகிறது. மழையில் அதைத் தர டயரால் இயலாமல் போகலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சாலை நேராவது கண்ணில் பட்டபின் கூட்டுங்கள். மோன்ஸா கற்பிக்கும் பாடம் இதுவே.