அதிர்வை வென்ற ஆறு சிலிண்டர்: ரோல்ஸ்-ராய்ஸ் ‘சில்வர் கோஸ்ட்’ உருவானது எப்படி?

சொகுசு கார் என்றாலே இன்றும் பலரின் நினைவுக்கு வரும் பெயர் ரோல்ஸ்-ராய்ஸ். அந்நிறுவனத்துக்கு இப்புகழைத் தேடித் தந்தது 1906-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் அறிமுகமான ‘40/50 குதிரைத்திறன்’ மாதிரியாகும். பின்னாளில் ‘சில்வர் கோஸ்ட்’ எனப் புகழ்பெற்ற இந்தக் காரின் வெற்றிக்கு அடித்தளமிட்டது முந்தைய மாதிரி ஒன்றின் தோல்வி.

முறிந்த தண்டு

பொறியாளர் ஹென்றி ராய்ஸும் கார் விற்பனையாளர் சார்லஸ் ரோல்ஸும் 1904-ம் ஆண்டு மே மாதம் மான்செஸ்டரில் முதன்முறையாகச் சந்தித்தனர். அவர்கள் தொடக்கத்தில் தயாரித்த ஆறு சிலிண்டர் காரில் ‘கிராங்க்ஷாஃப்ட்’ எனும் சுழல்தண்டு முறிந்துபோகும் சிக்கல் எழுந்தது.

சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் நீண்ட சுழல்தண்டு சற்றே முறுக்கப்படுகிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தொடர்ந்து தள்ளினால் அதன் வீச்சு பெருகுவதுபோல, குறிப்பிட்ட வேகத்தில் இந்த முறுக்கதிர்வும் பெருகித் தண்டையே முறித்துவிடுகிறது.

ராய்ஸ் கண்ட தீர்வு

புதிய மாதிரியில் ஆறு சிலிண்டர்களையும் மூன்று மூன்றாக இரு தொகுதிகளாக ராய்ஸ் அமைத்தார். தண்டைத் தடிமனாக்கி, ஏழு இடங்களில் பேரிங்குகள் கொண்டு தாங்கினார். தண்டின் உட்புறத் துளைகள் வழியாக அழுத்தத்துடன் எண்ணெய் செலுத்தப்பட்டதால் தேய்மானமும் குறைந்தது. 7,036 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட அந்த எஞ்சின், அக்காலத்தவர் வியக்கும் அளவுக்கு ஓசையின்றி இயங்கியது.

நிறுவனம் எஞ்சின் பொருத்திய சேஸிஸை மட்டுமே விற்றது. அதன் விலை 985 பவுண்டு. இன்றும் லாரிகளுக்குச் செய்யப்படுவதைப் போலவே, வாங்குவோர் தனி நிறுவனங்களிடம் கொடுத்துத் தம் விருப்பப்படி ‘பாடி’ கட்டிக்கொண்டனர்.

15,000 மைல் சோதனை

1907-ல் நிர்வாகி கிளாட் ஜான்சன், 60551 என்ற எண் கொண்ட சேஸிஸுக்குப் பார்க்கர் நிறுவனத்தின் மூலம் பாடி கட்டச் செய்தார். வெள்ளி நிற வண்ணமும் வெள்ளி முலாம் பூசிய பாகங்களும் கொண்ட அந்த ஒரு காருக்கே முதலில் ‘சில்வர் கோஸ்ட்’ எனப் பெயரிடப்பட்டது.

லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவு பகலாக நடைபெற்ற 15,000 மைல் ஓட்டத்தில், 629-வது மைலில் சாலை அதிர்வால் பெட்ரோல் குழாயின் அடைப்பான் தானாகவே மூடிக்கொண்டதால் கார் நின்றது. அதைத் திறந்தபின், எஞ்சிய 14,371 மைலையும் (சுமார் 23,000 கிலோமீட்டர்) கோளாறால் ஒருமுறைகூட நிற்காமல் கடந்தது. பின்னர் காரைப் பிரித்து ஆய்வு செய்தபோது, அதைப் புதியதுபோல் ஆக்குவதற்குத் தேவைப்பட்ட பாகங்களின் செலவு இரண்டு பவுண்டுக்குச் சற்றே அதிகம் எனத் தெரியவந்தது. கார் அடிக்கடி பழுதாவது இயல்பாகக் கருதப்பட்ட காலத்தில், விளம்பரங்களைவிட இந்த முடிவே வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்றது.

மன்னர்கள் முதல் போர்க்களம் வரை

தேவை பெருகியதால் 1908-ல் தயாரிப்பு டெர்பி நகருக்கு மாற்றப்பட்டது. இந்தியச் சமஸ்தான மன்னர்கள் பலரும் இக்காரின் வாடிக்கையாளர்களாயினர். முதல் உலகப் போரில் இதே சேஸிஸ் மீது கவச வண்டிகள் கட்டப்பட்டு அரேபியப் பாலைவனத்திலும் இயக்கப்பட்டன.

ரோல்ஸ் 1910-ல் தமது 32-வது வயதில் விமான விபத்தில் உயிரிழந்தார். எனினும், 7,800-க்கும் மேற்பட்ட கார்களுடன் இந்த மாதிரியின் தயாரிப்பு 1926 வரை நீடித்தது.