பயணியின் கையில் பொது நாணயம்

கொல்கத்தாவுக்குக் கிழக்கே, திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகரம் நியூ டவுன். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும், 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாடா புற்றுநோய் மருத்துவமனையும் பல மாநிலத்தவரை இங்கு வரவழைக்கின்றன. தமிழகத்திலிருந்து முதன்முறையாக வருபவர் கடைகளில் கேட்கும் சொல் 'டாக்கா' என்பதாகும். வங்காளதேச நாணயத்திற்கும் அதுவே பெயராதலால் அவர் சற்றே திகைக்கக்கூடும். ஆயினும், இங்கு அச்சொல் குறிப்பது நமது ரூபாயையே.

இதற்கான சான்று அவர் கையிலுள்ள நோட்டிலேயே இருக்கிறது. அதன் பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டுள்ளது. ஆங்கில அகர வரிசைப்படி அசாமிய மொழி முதலாவதாகவும், வங்காளி இரண்டாவதாகவும், தமிழ் பதின்மூன்றாவதாகவும் அமைந்துள்ளன. தமிழில் 'நூறு ரூபாய்' எனக் காணும் அதே தாளில், வங்காளி வரி அத்தொகையை 'டாக்கா' என்றே கூறுகிறது. மொழி தெரியாத ஊரில், நோட்டே ஒருவகையில் மொழிபெயர்ப்பாளராகி விடுகிறது.

எனினும், அவசரமாகச் சில்லறை மாற்றும்போது எழுத்தைப் படிக்க நேரமிருப்பதில்லை. 20 ரூபாய் நோட்டு பசுமை கலந்த மஞ்சள். 200 ரூபாய் நோட்டு பளிச்சென்ற மஞ்சள். மங்கிய ஒளியில் ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் கொடுத்துவிட்டால் இழப்பு 180 ரூபாய். நாட்கூலித் தொழிலாளிக்கு இது சிறு தொகையன்று.

நிறத்தை மட்டும் நம்பாமல் வேறு அடையாளங்களையும் அறிந்திருத்தல் நலம். 20 ரூபாய் நோட்டின் நீளம் 129 மில்லிமீட்டர். 200 ரூபாய் நோட்டின் நீளம் 146 மில்லிமீட்டர். முன்னதன் பின்புறம் எல்லோராக் குகையும், பின்னதில் சாஞ்சித் தூபியும் காணப்படும். 100 ரூபாய் முதலான நோட்டுகளின் இரு ஓரங்களிலும் விரலால் உணரத்தக்க கோடுகள் உள்ளன: 100இல் நான்கு; 200இல் நான்கு கோடுகளும் அவற்றினிடையே இரு வட்டங்களும்; 500இல் ஐந்து. பார்வையற்றோருக்கென அமைந்த இவ்வேற்பாடு அனைவருக்குமே பயன்படுவதாகும். இம்மூன்று நோட்டுகளையும் சாய்த்துப் பார்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். நோட்டு மெய்யானதா என அறிய இது ஓர் எளிய சோதனை.

ஊதா நிற 100 ரூபாய் நோட்டு 2018இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய வரிசையின் 100 ரூபாய் நோட்டும் செல்லுபடியாகும். 2016 நவம்பரில் மதிப்பிழந்தவை அன்றிருந்த 500, 1000 ரூபாய் நோட்டுகளே. பழைய தோற்றம் ஒன்றே ஒரு நோட்டை மறுப்பதற்குப் போதிய காரணமாகாது. அழுக்கடைந்த நோட்டுகளை வங்கிக் கிளைகளில் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அங்கே கணக்கு வைத்திருக்க வேண்டியதில்லை.

மேற்கு வங்கத்துச் சால்போனியில் அச்சான தாளும், கர்நாடகத்து மைசூரில் அச்சான தாளும் நாடெங்கும் ஒரே மதிப்புடையவை. ஆனால் பொது நாணயம் உண்மையில் பொதுவாவது, அதை வாங்குபவரும் கொடுப்பவரும் ஐயமின்றி அடையாளம் காணும்போதுதான். பள்ளிகளிலும் வங்கிக் கிளைகளிலும் இவ்வறிவைப் பரப்புவது, வேலை தேடியும் மருத்துவம் நாடியும் வெளிமாநிலம் செல்லும் எளியோரின் பணத்தைக் காப்பதாகும்.