அனுமதி மனுவில் 2100-ஆம் ஆண்டின் கடல்

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் கடல் சுமார் 14 அடி உயரத்துக்கு எழும்பியது. கிழக்கு 13-ஆவது தெருவிலிருந்த துணை மின்நிலையம் 12.5 அடி வரைதான் தாங்கும். அது வெடித்து, மன்ஹாட்டனின் தென்பகுதி இருளில் மூழ்கியது. 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2009-இல் திறந்த சவுத் ஃபெரி சுரங்க ரயில் நிலையத்துக்குள் கடல் புகுந்தது.

லாங் ஐலண்டில் நடந்தது இன்னும் மோசம். கழிவுநீர் தானாக ஓடிவர வேண்டும் என்பதால் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாழ்ந்த கரையோரத்தில்தான் கட்டுவார்கள். பே பார்க் ஆலையும் அப்படித்தான். உப்புநீர் புகுந்ததும் இயந்திரங்கள் நின்றன. சாக்கடை வந்த வழியே திரும்பி வீடுகளுக்குள் பொங்கியது. ஆலையைச் சீரமைக்க, பெரும்பகுதி மத்திய அரசின் பணமாக, 80 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டது.

இவை எல்லாமே பழைய வெள்ளக் கணக்கை நம்பிக் கட்டியவை. ஆனால் 1900-க்குப் பிறகு நியூயார்க் துறைமுகத்தில் கடல் மட்டம் ஏறக்குறைய ஓரடி உயர்ந்துவிட்டது. பழைய கணக்கு இனி உதவாது.

இந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் 2014 செப்டம்பரில் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ கையெழுத்திட்ட மாநிலச் சட்டம். கடல் மட்ட உயர்வு, புயலில் எழும் கடல், வெள்ளம் ஆகிய மூன்றையும் அரசுத் துறைகள் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்றது அது. கரையோரத்தில் எண்ணெய்க் கிடங்கு அமைக்க ஒருவர் மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வெள்ள அபாயத்தைத் தாம் ஆராய்ந்ததை அவர் மனுவிலேயே காட்ட வேண்டும். குறிப்பிட்ட சில திட்டங்களுக்கு அரசுப் பணம் ஒதுக்கும்போதும் இதே கேள்வி எழும்.

எவ்வளவு உயரும் என்பதில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னால் சட்டம் செத்துவிடும். அதனால் விஞ்ஞானிகளின் கணிப்பை அதிகாரபூர்வமாக அறிவிக்கும் பொறுப்பு மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் தரப்பட்டது. 2017-இல் அது வெளியிட்ட அட்டவணை, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நியூயார்க் நகரில் கடல் குறைந்தது 15 அங்குலம், அதிகபட்சம் 75 அங்குலம் உயரலாம் என்று கணித்தது. இடைப்பட்ட கணிப்புகள் மூன்று இருந்தன. ஒரு பூங்காவுக்குக் குறைந்த கணிப்பே போதுமானதாக இருக்கலாம். பல தலைமுறைக்கு நிற்க வேண்டிய மருத்துவமனைக்கு உயர்ந்த கணிப்பைப் பார்ப்பதுதான் விவேகம்.

2019-இல் வந்த பருவநிலைச் சட்டம் இதன் எல்லையை விரித்தது. இப்போது கடும் வெப்பம் உள்ளிட்ட மற்ற ஆபத்துகளும் கணக்கில் சேர்கின்றன. மின் நிறுவனங்கள் தங்கள் கம்பிகளும் துணை மின்நிலையங்களும் பருவநிலை மாற்றத்தை எவ்வளவு தாங்கும் என்று ஆராய வேண்டும் என 2022-இல் தனிச் சட்டம் வந்தது.

ஒரு பெரிய ஓட்டை மட்டும் அடைபடவில்லை. 'கருத்தில் கொள்' என்பதுதான் 2014 சட்டத்தின் கட்டளை. ஆபத்து தெரிந்தால் அனுமதியை மறுத்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. புதிய மனுக்களை அது சல்லடை போடுகிறது; ஏற்கெனவே கரையில் நிற்கும் ஆலைகளை உயர்த்தவோ இடம் மாற்றவோ அதனிடம் பணம் இல்லை. அடுத்த திருத்தம் இந்த இரண்டையும் தொட வேண்டும்.