ஓர் அடைப்புக்குறி இல்லாவிட்டால் என்ன ஆகும்? சி மொழியில் எது எதோடு சேரும்?

காலையில் அரக்கோணத்தில் மின்சார ரயில் பிடித்து சென்னை ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களிடம் 2 + 3 * 4 எவ்வளவு என்று கேளுங்கள். உடனே 14 என்பார்கள். அடுத்து இந்த வரியைக் காட்டுங்கள், கொஞ்சம் யோசிப்பார்கள்:

இஃப் (உரிமை & 2 == 2)

ஒரு ஃபைலைப் படிக்கும் உரிமைக்கு 1, எழுதும் உரிமைக்கு 2, இரண்டும் இருந்தால் 3 என்று வைத்துக்கொள்வோம். 'இவருக்கு எழுதும் உரிமை இருக்கா?' என்று கேட்கத்தான் இந்த வரி. ஆனால் சி மொழியில் & குறியைவிட == குறிக்கு முன்னுரிமை அதிகம். அதனால் கம்பைலர் இதை உரிமை & (2 == 2) என்று எடுத்துக்கொள்ளும். 2 == 2 உண்மை என்பதால் அதன் மதிப்பு 1. மிஞ்சுவது உரிமை & 1. 'படிக்கும் உரிமை இருக்கா?' என்று கேள்வியே மாறிவிட்டது! படிக்க மட்டும் அனுமதி பெற்றவர் இப்போது எழுதவும் முடியும். புரோகிராமர் தன் லாகினில் சோதித்தால் தவறு தெரியாது. அவருக்கு இரண்டு உரிமையும் உண்டு, மதிப்பு 3, எல்லாம் சரியாகவே ஓடும்.

இதைத்தான் ஆபரேட்டர் பிரிசிடென்ஸ் என்கிறார்கள். முன்னுரிமை என்றதும், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு அரக்கோணம் சிக்னலில் நிற்கும் மின்சார ரயில் ஞாபகம் வரலாம். அந்த உவமை இங்கே சரிப்படாது. எந்த ரயில் முதலில் ஓடும் என்பதல்ல, எந்தப் பெட்டியை எதோடு கோப்பது என்பதுதான் இங்கே விஷயம். மூன்று ஃபங்ஷன்களை அழைத்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி முதலாவதோடு கூட்டினால், பெருக்கல் அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் மூன்றில் எதை முதலில் அழைப்பது என்பது கம்பைலரின் விருப்பம். இன்டர்வியூவில் பலர் சறுக்குவது இங்கேதான்.

சம முன்னுரிமை உள்ளவை அடுத்தடுத்து வந்தால்? அப்போது அசோசியேட்டிவிட்டி. 20 - 5 - 3 இடமிருந்து சேரும், விடை 12. வலமிருந்து சேர்ந்தால் 18 ஆகியிருக்கும். அ = ஆ = 5 என்பதோ வலமிருந்து சேரும்.

சரி, & ஏன் இவ்வளவு கீழே போனது? சி மொழிக்கு முன்பிருந்த பி மொழியில் && கிடையாது. இரண்டு ஒப்பீடுகளை இணைக்கவும் & குறிதான். அப்போது அது == குறிக்குக் கீழே இருப்பதே நியாயம். பின்னர் ஆலன் ஸ்னைடர் யோசனைப்படி && தனியாக வந்தது, ஆனால் & பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அதை மேலே ஏற்றியிருக்கலாம் என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே 1982இல் ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே எழுதிய சில நூறு கிலோபைட் கோடு கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அன்றைய தயக்கம். அப்போது சி ஓடிய இடங்களோ ஏறத்தாழ மூன்றுதான்!

அந்த மூன்று இடங்களுக்காக எடுத்த முடிவு சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் வரை தொடர்கிறது. மேலே உள்ள வரியை ஜாவா பிழை என்று நிறுத்திவிடும், ஜாவாஸ்கிரிப்ட் பேசாமல் ஓட்டும். பைத்தான், கோ, ரஸ்ட் மொழிகள் & குறியை மேலே ஏற்றிவிட்டன. சி எழுதுகிறவர்களுக்கு ஜிசிசி கம்பைலரில் வார்னிங்கை ஆன் செய்தால், அடைப்புக்குறி போடச் சொல்லி அதுவே எச்சரிக்கும். போட வேண்டியது இவ்வளவுதான்: (உரிமை & 2) == 2.